பாடகனின் நம்பிக்கையும் கேட்போரின் நீதியும்

பாடல் ஒன்று பாடகனின் நாவிலிருந்து புறப்பட்டுக் கேட்பவனின் செவியை அடைந்த பின்னர் அது யாருக்குச் சொந்தம்? பாடியவனுக்கா, கேட்டவனுக்கா? காதலையும் பிரிவையும் வறுமையையும் பாடும் பாடல்களைப் பொறுத்த வரையில் இவ்வினா பெரிதாக எழுவதில்லை. ஒருவனுடைய துயரம் மற்றொருவனுடைய துயரத்தோடு எளிதில் ஒத்துப்போய்விடும். ஆனால் பாடகன் தன் இறைநம்பிக்கையைப் பாடத் தொடங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. அந்நம்பிக்கை உடையோர் அவனை அணைத்துக்கொள்கின்றனர். அஃதில்லாதோர், அவன் தம்மைக் கைவிட்டுவிட்டதாகக் கருதுகின்றனர். நேற்றுவரை ஒரே வரிசையில் அமர்ந்து கேட்டவர்கள் இன்று இரு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றனர். இப்பிரிவில் நியாயம் எப்பக்கம் இருக்கிறது? அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1979-ஆம் ஆண்டு வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றையும், அது எழுப்பிய பூசலையும் முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வோம்.

டிலன் 1941-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ராபர்ட் ஆலன் ஸிம்மர்மன். 1961-இல் நியூயார்க் நகருக்கு வந்த அவ்விளைஞர், உழைப்பாளர்களின் துயரைப் பாடிய உட்டி கத்ரியைத் தம் வழிகாட்டியாகக் கொண்டு, கிதாரும் மௌத் ஆர்கனும் ஏந்தி நாட்டுப்புறப் பாணியில் பாடத் தொடங்கினார். 1963 ஆகஸ்ட் 28-ஆம் நாள் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாஷிங்டனில் நடந்த மாபெரும் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் தம் புகழ்மிக்க உரையை ஆற்றிய அதே மேடையில் டிலனும் பாடினார். அன்று முதல் ஒரு தலைமுறையின் மனச்சான்றாகவே அவரைப் பலர் போற்றலாயினர். அவர் அப்பட்டத்தை விரும்பியவர் அல்லர். ஆயினும் மக்கள் சூட்டிவிட்டனர்.

அப்பட்டத்தின் சுமை விரைவிலேயே வெளிப்பட்டது. 1965 ஜூலை 25-ஆம் நாள் நியூபோர்ட் நாட்டுப்புற இசைவிழாவில் அவர் மின்கிதாருடன் மேடையேறியபோது கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. 1966 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒருவர் எழுந்து அவரை ‘யூதாஸ்’ என்று விளித்தார். ஏசுவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயரால் பாடகர் ஒருவர் ஏசப்பட்டார். காரணம் யாது? ஓர் இசைக்கருவியை மாற்றியதே! பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அதே மனிதர், ஏசுவைப் பற்றிப் பாடியதற்காக மீண்டும் துரோகியெனத் தூற்றப்படவிருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

1978 நவம்பரில் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் பாடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்து யாரோ எறிந்த வெள்ளிச் சிலுவை ஒன்றைத் தாம் எடுத்து வைத்துக்கொண்டதாகவும், அதன் பின்னரே தம் உள்ளத்தில் பெரும் மாற்றம் நிகழ்ந்ததாகவும் டிலன் பிற்பாடு மேடையில் கூறினார். 1979-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலுள்ள ஒரு கிறித்தவச் சபையில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வேத வகுப்புகளில் பயின்றார். அவ்வாண்டின் வேனிலில் அலபாமா மாநிலத்தின் மஸில் ஷோல்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவாகி, ஆகஸ்ட் 20-ஆம் நாள் வெளிவந்தது ‘ஸ்லோ ட்ரெயின் கமிங்’ என்னும் இசைத்தட்டு. மெல்ல வந்துகொண்டிருக்கும் ரயில் என்பது அதன் பொருள். இறைவனின் தீர்ப்பு நாளை நோக்கி உலகம் நகர்வதைக் குறிக்கும் உருவகமாகவே பலர் அதனைக் கொண்டனர்.

அவ்விசைத்தட்டை உருவாக்கித் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜெரி வெக்ஸ்லர். யூதக் குடும்பத்தில் பிறந்து, இறைமறுப்பாளராக வாழ்ந்தவர் அவர். பாடல்களின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. எனினும் அவற்றின் ஒலி நேர்த்தியில் அணுவளவும் குறை வைக்கவில்லை. மார்க் நாஃப்ளர் என்னும் ஆங்கிலேயக் கலைஞர் கிதார் வாசித்தார். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அவ்விசைத்தட்டு மூன்றாம் இடத்தையும், பிரிட்டனில் இரண்டாம் இடத்தையும் எட்டியது. அதன் முதற்பாடலுக்காக டிலனுக்கு கிராமி விருதும் கிடைத்தது. எனவே, நம்பிக்கையைப் பாடியதால் மக்கள் அவரை அடியோடு புறக்கணித்தனர் என்று கூறுவது சரியன்று. வாங்கினார்கள், கேட்டார்கள், கேட்டுவிட்டுத் தமக்குள் சண்டையிட்டுக்கொண்டார்கள்.

சண்டை கூர்மையடைந்தது அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று. சான் பிரான்சிஸ்கோ நகரின் வார்ஃபீல்ட் அரங்கில் பதினான்கு நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடாகியிருந்தது. அவர் தம் பழைய பாடல்களில் ஒன்றைக்கூடப் பாடவில்லை. முழுவதும் புதிய நம்பிக்கைப் பாடல்களே. கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டனர், சிலர் வெளியேறினர், சிலர் உள்ளமுருகிக் கேட்டனர். உள்ளூர்ச் செய்தித்தாள்கள் கடுமையாக எழுதின. அம்மாத இறுதியில் அரிஸோனா மாநிலத்தின் டெம்ப்பி நகரில் கூட்டத்தின் எதிர்ப்பு மேலும் வலுத்தது. அவரோ பாடலை நிறுத்திவிட்டு, மேடையிலேயே அவர்களைக் கண்டித்துப் பிரசங்கம் செய்தார்.

இவ்வெதிர்ப்பும் ஆதரவும் ஒரே வகையின அல்ல என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும். எந்த நிறுவனத்துக்கும் எந்தச் சபைக்கும் தலைவணங்காதவர் என்று டிலனைக் கொண்டாடிய இளைஞர்கள், அவர் ஒரு சபையின் கோட்பாட்டைப் பாடியதைத் தம் விடுதலை உணர்வுக்கு நேர்ந்த இழிவாகக் கருதினர். யூதர்களுள் பலருக்கோ காயம் இன்னும் ஆழமானது. மதமாற்றத்தின் பெயரால் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகத் தம் முன்னோர் பட்ட பாடு அவர்கள் நினைவில் நின்றது. கிறித்தவர்களுள் பெரும்பாலோர் மகிழ்ந்தனர். ஒரு சிலர், புகழ்பெற்ற மனிதரின் புதிய ஆர்வம் எத்தனை நாளைக்கு என்று ஐயுற்றனர். விமர்சகர்களும் பிளவுபட்டனர். ‘ரோலிங் ஸ்டோன்’ ஏட்டின் ஆசிரியர் ஜான் வென்னர் விரிவாகப் பாராட்டி எழுதினார். டிலனைப் பல்லாண்டு கூர்ந்து கேட்டுவந்த கிரெய்ல் மார்கஸ் வன்மையாகக் கண்டித்தார். கொள்கை எதுவாயினும் இசை இனிது என்று கூறி அமைதி கொண்டோரும் உண்டு.

இவர்களுள், ‘துரோகம்’ என்று கூறியோரின் வழக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். துரோகம் என்றால் முன்னதாக ஒரு வாக்குறுதி இருந்திருக்க வேண்டும். ஆயுள் முழுதும் ஒரே மனிதனாக இருப்பேன் என்று எந்தப் பாடகன் எப்போது வாக்களித்தான்? நாம் வளர்கிறோம், மாறுகிறோம், இருபது வயதில் வெறுத்ததை நாற்பது வயதில் நாடுகிறோம். இவ்வுரிமையை நமக்கு வைத்துக்கொண்டு, பாடகனுக்கு மட்டும் மறுப்பது எவ்வகையில் நியாயம்? இசைத்தட்டை விலை கொடுத்து வாங்குபவன் வாங்குவது பாடலை. பாடியவனின் ஆன்மாவை அன்று. பழைய இசைத்தட்டுகள் அவனிடமே இருக்கின்றன. அவற்றைப் பாடகன் திரும்பக் கேட்கவில்லை.

ஆயினும் கேட்போர் பக்கத்தில் ஒரு சிறு நியாயம் உண்டு. பழைய பாடல்களையும் எதிர்பார்த்து நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு அவற்றுள் ஒன்றுமே கிடைக்காதபோது ஏமாற்றம் இயல்பே. முதல் சில இரவுகளில் வந்தோருக்கு அவ்வேமாற்றத்தைச் சொல்லும் உரிமை இருந்தது. செய்தித்தாள்கள் எழுதி ஊரறிந்த பின்னர் சென்று கூச்சலிட்டோருக்கு அவ்வுரிமையும் இல்லை. மேலும், ஏமாற்றம் வேறு, துரோகக் குற்றச்சாட்டு வேறு. முன்னது கேட்பவனின் மனநிலையைக் கூறுகிறது. பின்னது பாடகனின் உள்ளத்தைத் தீர்ப்பிடுகிறது.

இரண்டாவது வழக்கு, அவர் உண்மையாகத்தான் பாடினாரா என்பது. வணிகத்துக்காகவே இந்த வேடம் என்றனர் சிலர். உள்ளத்தை அறிபவன் இறைவன் ஒருவனே என்று நம்பும் நாம் இவ்வழக்கில் நுழைய இயலாது. ஆனால் வெளிப்படையாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லலாம். வணிகமே நோக்கமெனில், கூச்சலிடும் கூட்டத்தின் முன் ஓராண்டுக்காலம் பழைய பாடல்களை ஒதுக்கி வைத்திருக்கத் தேவையில்லை. 1980 ஜூனில் வந்த ‘சேவ்ட்’ என்னும் அடுத்த இசைத்தட்டு அமெரிக்காவில் 24-ஆம் இடத்துக்கே சென்றது. 1981-இல் வந்த ‘ஷாட் ஆஃப் லவ்’ 33-ஆம் இடத்தில் நின்றது. இலாபம் தேடியவன் இவ்வழியில் நடந்திருப்பானா?

எதிர்ப்பைத் தெரிவிக்கக் கண்ணியமான வழி இல்லாமற் போகவுமில்லை. டிலனின் முதற்பாடல், மனிதன் எத்தகையோனாயினும் யாரேனும் ஒருவருக்கு ஊழியம் செய்தே ஆக வேண்டும் என்ற கருத்துடையது. அதனை ஏற்காத ஜான் லெனன், உனக்கு நீயே ஊழியம் செய்துகொள் என்ற பொருளில் 1980-இல் ஒரு பாடல் புனைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 8-ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். அப்பாடல் 1998-இல்தான் வெளியிடப்பட்டது. அதன் கருத்து நமக்கு உடன்பாடன்று. அதில் ஏளனமும் உண்டு. எனினும் பாடலுக்குப் பாடலால் விடையளிப்பது, பாடுபவனைப் பாடவிடாமற் கூச்சலிடுவதைவிட மேலானது.

இதுவரை பிறருடைய வழக்கை விசாரித்தோம். பிறர் வழக்கில் நீதிபதியாக அமர்வது எளிது. இனி நம்மையே கூண்டில் நிறுத்திப் பார்ப்போம்.

அவ்விசைத்தட்டின் தலைப்புப் பாடலில், எண்ணெய் வளத்தால் அமெரிக்காவின் எதிர்காலத்தையே முடிவு செய்பவர்களாக அரபு ஷேக்குகளைச் சித்திரிக்கும் எள்ளல் வரிகள் இருக்கின்றன. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய்த் தடைக்குப் பின்னர் அமெரிக்கர்களிடையே பரவியிருந்த சினத்தின் எதிரொலி அது. மற்றொரு பாடலில், புத்தரையும் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களையும் பற்றி ஒருங்கே பேசியவர் ஏசுவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையே என்ற குறை ஒலிக்கிறது. ஈஸா நபி (அலை) அவர்களை இறைத்தூதராகப் போற்றும் நமக்கு, அவர்களைப் பற்றிய டிலனின் கொள்கை ஏற்புடையதன்று. ஷேக்குகளைப் பற்றிய எள்ளலோ நம் உள்ளத்தில் தைக்கவே செய்யும். இவ்வரிகளைப் பிடிக்கவில்லை என்று கூற நமக்கு முழு உரிமை உண்டு. ஆனால், இவற்றைக் கேட்ட மாத்திரத்தில் அம்மனிதரின் நம்பிக்கையே பொய் என்று நாம் கூறுவோமாயின், வார்ஃபீல்ட் அரங்கில் கூச்சலிட்டோருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

இங்கே இன்னொரு பாடகரை நினைவுகூர்தல் பொருத்தமாகும். இலண்டனில் 1948-இல் பிறந்து, கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரால் உலகப்புகழ் பெற்றவர் 1977 டிசம்பரில் இஸ்லாத்தைத் தழுவி, பின்னர் யூசுஃப் இஸ்லாம் ஆனார். டிலன் சான் பிரான்சிஸ்கோவில் புதிய நம்பிக்கையைப் பாடிய அதே 1979 நவம்பரில், 22-ஆம் நாள், இவர் இலண்டன் வெம்ப்லி அரங்கில் குழந்தைகள் நலநிதிக்காகப் பாடிவிட்டு மேடையினின்று விலகினார். ஒருவர் தம் நம்பிக்கைக்காகப் பழைய பாடல்களை நிறுத்தினார். மற்றவர் தம் நம்பிக்கைக்காகப் பாடுவதையே நிறுத்தினார். இருவருடைய இரசிகர்களுக்கும் இழப்பு ஒன்றே. யூசுஃப் இஸ்லாமின் இரசிகர்கள் அவரைப் பழித்தபோது, மனிதனுக்குத் தன் உள்ளம் காட்டும் வழியில் செல்ல உரிமை இல்லையா என்று முஸ்லிம் உலகம் கேட்டது. சரியான கேள்வி. அதே கேள்வியை டிலனுக்காகவும் கேட்க நம் நா எழுகிறதா? எழவில்லையெனில், நாம் பேசியது மனச்சான்றின் உரிமைக்காக அன்று. நம் அணியின் வெற்றிக்காகவே பேசினோம் என்றாகிவிடும். நம்மிடம் வருபவனுக்கு ஒரு தராசும், வேறிடம் செல்பவனுக்கு வேறொரு தராசும் வைத்திருப்பவன் நீதிமான் ஆகான்.

யூசுஃப் இஸ்லாமின் வரலாறு இத்துடன் முடியவில்லை. 1983-இல் இலண்டனில் முஸ்லிம் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றை நிறுவிக் கல்விப்பணியில் ஆழ்ந்திருந்த அவர், 2006-இல் மீண்டும் கிதாரோடு ஓர் இசைத்தட்டை வெளியிட்டார். இம்முறை முணுமுணுப்பு மறுபுறத்திலிருந்து எழுந்தது. இசைக்கருவி கூடாது என்று கருதும் முஸ்லிம்கள் வருந்தினர். தாம் இன்னும் கிதார் ஏந்துவது ஏன் என்பதை விளக்கி அவர் 2014-இல் ஒரு நூலே எழுத வேண்டியதாயிற்று. பாடகனைத் தம் உடைமையாகக் கருதும் மனப்போக்கு எந்த ஒரு சாராருக்கும் தனியுரிமை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கேட்போர் இவ்வாறு பிளவுபடுவதன் வேர் எங்கே இருக்கிறது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யாவு உலூமித்தீன்’ நூலில் ‘ஸமா’ எனப்படும் செவிமடுத்தலுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளார்கள். இசை உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டு வைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதை அசைத்து எழுப்புகிறது என்பது அங்கே அவர்கள் விளக்கும் கருத்துகளுள் ஒன்று. ஆகவே ஒரே பாடல் ஒருவரை இறைவன்பால் ஈர்க்கலாம்; மற்றொருவரின் இச்சையைக் கிளறலாம். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் சொல்லப்பட்ட இவ்வுண்மை 1979-இன் பூசலுக்கும் விளக்கம் தருகிறது. சினந்தவனுக்குள் சினம் முன்னரே இருந்தது. ஏங்கியவனுக்குள் ஏக்கம் முன்னரே இருந்தது. பாடல் இரண்டையும் வெளிக்கொணர்ந்தது. எனவே ஒரு பாடல் நம்மைச் சினமூட்டும்போது, பாடகனை விசாரிக்கும் முன்னர் நம் உள்ளத்தில் அது எதனை எழுப்பிற்று என்று விசாரிப்பதே அறிவுடைமை.

இதனால் பாடகனுக்குக் கடமையே இல்லை என்று கொள்ளலாகாது. நம்பிக்கையைப் பாடுபவன் இருவேறு நிலைகளில் நின்று பாடலாம். தான் கண்டதைக் கூறும் சாட்சியாக நிற்கலாம். கேட்போரைக் குற்றவாளிகளாக்கும் நீதிபதியாகவும் நிற்கலாம். டிலனின் முதல் இசைத்தட்டில் இரண்டும் கலந்திருக்கின்றன. தம் நம்பிக்கைக்காக நண்பர்களால் ஒதுக்கப்படும் ஒருவரின் தனிமையைப் பேசும் பாடல் சாட்சியம். உலகத்தை உறக்கத்தினின்று எழுப்ப அதட்டும் பாடல்கள் தீர்ப்பின் தொனி உடையன. டெம்ப்பி நகரில் அவர் மேடையில் செய்ததும் தீர்ப்பே. தீர்ப்பைக் கேட்பவன் தற்காப்புக்கு எழுவது இயற்கை. அங்கே பிளவு உண்டானதில் பாடகருக்கும் பங்கு உண்டு.

1981-ஆம் ஆண்டின் ‘ஷாட் ஆஃப் லவ்’ இசைத்தட்டின் இறுதியில், மணல் ஒவ்வொன்றிலும் படைத்தவனின் கைவண்ணத்தைக் காணும் ஒரு பாடல் உண்டு. ‘எவ்ரி கிரெய்ன் ஆஃப் ஸாண்ட்’ என்பது அதன் பெயர். அதிலே பாடகர் எவரையும் அதட்டவில்லை. தம் குறைகளையே எண்ணி, தம் தனிமையையும் நடுக்கத்தையும் மறைக்காமல் நிற்கிறார். அவருடைய கிறித்தவக் காலத்துப் பாடல்களை வெறுத்தவர்களுள் பலரும் இதனை மட்டும் மனமாரப் போற்றினர். கொள்கை மாறவில்லை, ஆண்டவன் மாறவில்லை, பாடகர் நின்ற இடமே மாறியது. தராசின் தட்டில் முதலில் தன்னையே வைத்து நிறுக்கும் ஒருவனின் குரல், அவனுடைய வேதத்தை ஏற்காதவனையும் தொட்டுவிடுகிறது.

காலமும் தன் பணியைச் செய்தது. 1980 நவம்பரில் அதே வார்ஃபீல்ட் அரங்குக்குத் திரும்பிய டிலன், பழைய பாடல்களையும் புதியவற்றோடு சேர்த்துப் பாடினார். 2003-இல், ஷெர்லி சீஸர் முதலான கறுப்பினத் தேவாலயப் பாடகர்கள் அவருடைய அக்காலப் பாடல்களைத் தம் குரலில் பாடி ஓர் இசைத்தட்டாகத் தந்தனர். 2016-ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 2017-இல், 1979 முதல் 1981 வரையிலான மேடைப் பதிவுகள் தொகுத்து வெளியிடப்பட்டபோது, அன்றைய நிகழ்ச்சிகளில் எத்தகைய வேகமும் உருக்கமும் இருந்தன என்பதைப் புதிய தலைமுறை வியந்து கேட்டது. கூச்சலிட்டவர்கள் கேட்கத் தவறிய இசை, முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அப்போது பிறந்தேயிராதவர்களின் செவியை அடைந்தது.

ஆகவே கேட்போராகிய நமக்குரிய நீதி இதுவெனக் கொள்ளலாம். பிடிக்காத பாடலைக் கேளாதிருக்கலாம். அதன் கொள்கையை மறுத்துரைக்கலாம். அதில் நம்மை இழிக்கும் சொல் இருப்பின் அதனைச் சுட்டிக்காட்டித் தட்டிக் கேட்கலாம். இவை நம் உரிமைகள். பாடியவனின் உள்ளத்தைத் தீர்ப்பிடுவதும், அவன் நமக்காகவே வாழ வேண்டுமென விதிப்பதும் நம் உரிமையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. நம்முடைய நம்பிக்கையைப் பாடுபவனை நாம் எந்தப் பொறுமையோடு பிறர் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோமோ, அதே பொறுமையோடு பிறருடைய நம்பிக்கையைப் பாடுபவனை நாம் கேட்கப் பழக வேண்டும். அவனோடு உடன்படுவதற்கு இப்பொறுமை நம்மைக் கட்டாயப்படுத்தாது. பாடல் முடியும் வரை அமர்ந்திருந்து, அதன்பின் மறுத்துப் பேசுவதற்கு வேண்டிய தகுதியை அது நமக்குத் தரும்.